சீரியல் சர்வர்: 17 வராது, 19க்கு அப்புறம் எதுவுமே வராது

12.02.2024 | மில்_பேனல்

ஸ்பின்னிங் மில். 22 எனர்ஜி மீட்டர், அட்ரஸ் 1 முதல் 22 வரை. எல்லாம் ஒரே ஆர்எஸ்-485 லைன் (பல கருவிகள் பகிரும் சீரியல் லைன்), இரண்டு கம்பி, பாட் ரேட் (வேகம்) 9600, 8-என்-1 (8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்), மோட்பஸ் ஆர்டியூ (அட்ரஸ் சொல்லிக் கேட்டால் அந்த மீட்டர் மட்டும் பதில் சொல்லும் முறை). முன்பு பேனல் ரூமிலேயே கம்ப்யூட்டர் இருந்தது, யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகப் படித்தோம். இப்போது கம்ப்யூட்டரை ஆபீஸுக்கு மாற்றிவிட்டு, ஸ்டோரில் இருந்த ஒரு போர்ட் சீரியல்-ஈதர்நெட் பெட்டியை (சீரியல் சர்வர்) நடுவில் போட்டிருக்கிறோம். டிசிபி சர்வர் மோடு. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லா மீட்டரிலும் யூனிட் ரீடிங் எடுக்க வேண்டும்.

1 முதல் 16 வரை வருகிறது. 17 வருவதே இல்லை. 18 வருகிறது. 19-ஐக் கேட்டவுடன் எல்லாம் நின்றுவிடுகிறது, அதன் பிறகு 1கூட வராது. பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தால் பழையபடி. 19-ஐ லிஸ்ட்டில் இருந்து எடுத்துவிட்டால் ஓடுகிறது, ஆனால் அரை மணியிலோ இரண்டு மணியிலோ நின்றுவிடுகிறது. 19க்குப் புது மீட்டர் போட்டாச்சு, கேபிளும் மாற்றியாச்சு. பெட்டி போச்சு, புதுசு வாங்குங்க என்கிறார்கள். வாங்கலாமா?

12.02.2024 | கடைசிமுனை

வாங்க வேண்டாம். பெட்டியின் வெப் பேஜில் சீரியல் செட்டிங்ஸைத் திறந்து, ஃப்ளோ கன்ட்ரோல் (டேட்டா அனுப்புவதை நிறுத்தவும் தொடரவும் சொல்லும் முறை) என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்-ஆன்/எக்ஸ்-ஆஃப் என்று இருக்கும்.

17ஐ ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) எழுதினால் 11. 19ஐ எழுதினால் 13. ஹெக்ஸ் 11தான் எக்ஸ்-ஆன், அதாவது 'அனுப்பு'. ஹெக்ஸ் 13தான் எக்ஸ்-ஆஃப், 'நிறுத்து'. மோட்பஸ் ஆர்டியூவில் பதிலின் முதல் பைட் மீட்டரின் அட்ரஸ். 19-ஆம் மீட்டர் வாயைத் திறந்தவுடன் வரும் முதல் பைட்டையே 'நிறுத்து' என்ற கட்டளையாகப் பெட்டி எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு சீரியல் பக்கம் எதையும் அனுப்பாது. மறுபடி 'அனுப்பு' வர வேண்டும் என்றால் ஏதாவது ஒரு மீட்டர் ஹெக்ஸ் 11ஐ அனுப்ப வேண்டும். மீட்டரோ கேட்டால்தான் பேசும். கேள்வியே வெளியே போகாதபோது பதில் எங்கிருந்து வரும்? அதனால்தான் ஆஃப்-ஆன் செய்யும் வரை அப்படியே கிடக்கிறது.

17 விஷயம் இன்னும் எளிது. அதன் முதல் பைட் ஹெக்ஸ் 11. பெட்டி அதைக் கட்டளையாக விழுங்கிவிட்டு மீதியை மட்டும் அனுப்புகிறது. அட்ரஸ் இல்லாத பதிலை உங்கள் சாஃப்ட்வேர் தூக்கி எறிகிறது.

ஃப்ளோ கன்ட்ரோலை 'நன்' என்று மாற்றி, சேவ் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். சேவ் மட்டும் செய்தால் பல பெட்டிகளில் பழைய செட்டிங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

12.02.2024 | கடைசிமுனை

19-ஐ எடுத்த பிறகும் ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ரீடிங்கிலும் ஹெக்ஸ் 13 வரலாம், கடைசி இரண்டு பைட்டான சிஆர்சி-யிலும் (பதில் கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) வரலாம். இரண்டு ரெஜிஸ்டர் (மீட்டரில் 2 பைட் மதிப்பு இருக்கும் இடம்) படித்தால் பதில் 9 பைட். அதில் அட்ரஸ், ஃபங்ஷன், எண்ணிக்கை மூன்றும் மாறாதவை. மிச்சம் 6 பைட்டில் குறைந்தது நான்கு பைட் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கும் என்று வையுங்கள். ஒரு பைட் ஹெக்ஸ் 13 ஆக இருக்க 256-இல் 1 வாய்ப்பு. ஒழுங்காகப் பதில் சொல்லும் மீட்டர் 20, தலைக்கு 4 பைட், ஆக ஒரு சுற்றுக்கு 80 பைட். 80/256, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. சராசரியாக மூன்று சுற்றுக்கு ஒரு தடவை மாட்டும். 15 நிமிடச் சுற்று என்றால் முக்கால் மணி. நீங்கள் சொன்ன 'அரை மணி, இரண்டு மணி' அதற்குள் அடங்கிவிடுகிறது.

13.02.2024 | மில்_பேனல்

எக்ஸ்-ஆன்/எக்ஸ்-ஆஃப்தான் இருந்தது. இந்தப் பெட்டி முன்பு ஒரு லேபிள் பிரிண்டரில் இருந்ததாம். மாற்றுவதற்கு முன் 17-இடம் வோல்ட்டேஜ் மட்டும் கேட்டுப் பார்த்தேன். சிஆர்சி-யை விட்டு எழுதுகிறேன்.

அனுப்பியது: 11 03 00 00 00 02
வந்தது: 03 04 43 66 26 66

மாற்றிய பிறகு வந்தது: 11 03 04 43 66 26 66. முன்னால் இருக்கும் 11 வந்துவிட்டது. 22 மீட்டரும் ஓடுகிறது. யூஎஸ்பியில் இந்தத் தொல்லை ஏன் வரவில்லை?

13.02.2024 | கடைசிமுனை

43 66 26 66ஐ ஃப்ளோட்டாக (தசமப் புள்ளி உள்ள எண்ணாக) படித்தால் 230.15 வோல்ட். மீட்டர் முதல் நாளில் இருந்தே சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

யூஎஸ்பியில் காம் போர்ட்டைத் திறப்பது உங்கள் சாஃப்ட்வேர். பாட் ரேட், பேரிட்டி, ஃப்ளோ கன்ட்ரோல் எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். மோட்பஸ் சாஃப்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம் என்றுதான் சொல்லும். டிசிபி சர்வர் மோடில் சாஃப்ட்வேருக்கு சீரியல் போர்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வெறும் ஐபி, போர்ட் நம்பர். சீரியல் பக்கம் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பெட்டியில் எழுதி வைத்திருப்பதே முடிவு செய்யும்.

சாஃப்ட்வேரே சொல்ல வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, கம்பெனி தரும் டிரைவரைப் போட்டு விர்ச்சுவல் காம் போர்ட் உருவாக்குவது. மோக்சாவில் ரியல் காம், டிஜியில் ரியல்போர்ட். இன்னொன்று ஆர்எஃப்சி 2217. 1997-இல் வந்தது. டெல்நெட் இணைப்புக்குள்ளேயே பாட் ரேட், பேரிட்டி, டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டுக் கம்பிகளின் நிலை எல்லாவற்றையும் அனுப்பும் முறை. லினக்ஸில் செர்2நெட், பைத்தானில் பைசீரியல் இரண்டும் இதைப் பேசும்.

13.02.2024 | சிவப்பு_எல்இடி

ஃப்ளோ கன்ட்ரோலை நன் என்று வைப்பதற்குப் பதில் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் (தனிக் கம்பிகள் வழியாக 'நிறுத்து', 'அனுப்பு' சொல்வது) வைத்தால் டேட்டா இழப்பு வராதே?

13.02.2024 | கடைசிமுனை

இரண்டு கம்பி 485-இல் ஆர்டிஎஸ்ஸும் இல்லை, சிடிஎஸ்ஸும் இல்லை. அந்த செட்டிங்கை ஏற்றுக்கொள்ளும் பெட்டியாக இருந்தால், இல்லாத சிடிஎஸ் கம்பிக்காகக் காத்துக்கொண்டு ஒரு பைட்கூட அனுப்பாது. மோட்பஸ்ஸில் ஒரு கேள்வி, ஒரு பதில். ஃபிரேமின் அதிகபட்ச நீளமே 256 பைட். பஃபர் நிரம்பி வழிய வழியே இல்லை. நன்தான் சரி.

இந்தப் பழுதை அடுத்த முறை கண்ணாலேயே பிடிக்கலாம். பெட்டியில் ஈதர்நெட் எல்இடி மின்னுகிறது, சீரியல் டிஎக்ஸ் (அனுப்பும்) எல்இடி அசையவே இல்லை என்றால் கேள்வி பெட்டிக்குள் வந்து வெளியே போகவில்லை. ஃப்ளோ கன்ட்ரோலைப் பாருங்கள். டிஎக்ஸ் மின்னுகிறது, ஆர்எக்ஸ் (வாங்கும் எல்இடி) மின்னவில்லை என்றால் கம்பி, அட்ரஸ், பாட் ரேட். இரண்டும் மின்னுகிறது, சாஃப்ட்வேரில் மட்டும் எர்ரர் என்றால் பேரிட்டி, அல்லது பதில் துண்டு துண்டாக வருகிறது.

17.02.2024 | மில்_பேனல்

துண்டு துண்டாக வருவது என்றால்? ஒரு நாளைக்குச் சில சிஆர்சி எர்ரர் வருகிறது. எந்த மீட்டர் என்று ஒரு ஒழுங்கும் இல்லை.

17.02.2024 | கடைசிமுனை

அநேகமாக அதேதான். மீட்டரில் இருந்து 9 பைட் வருகிறது. 9600-இல் ஒரு பைட்டுக்கு 1.04 மில்லி செகண்ட். எத்தனை பைட் சேர்ந்ததும் ஒரு பாக்கெட்டாகக் கட்டி ஈதர்நெட்டில் தள்ளுவது என்று பெட்டிக்குத் தானாகத் தெரியாது. 'வந்ததை உடனே அனுப்பு' என்று இருந்தால் முதல் பாக்கெட்டில் 3 பைட், அடுத்ததில் 6 பைட் என்று போகும். டிசிபியில் அது தப்பே இல்லை. பைட்டுகள் வரிசை மாறாமல் வந்து சேரும் என்பதுதான் டிசிபி தரும் உறுதி, ஒரே கொத்தாக வரும் என்பது இல்லை. ஆனால் சில சாஃப்ட்வேர் முதல் பாக்கெட்டையே முழுப் பதில் என்று நினைத்து சிஆர்சி பார்த்துவிடும்.

பெட்டியில் பாக்கிங் என்று ஒரு பகுதி இருக்கும். மோக்சாவில் அதன் பெயர் ஃபோர்ஸ் டிரான்ஸ்மிட். கடைசி பைட் வந்து இத்தனை மில்லி செகண்ட் அமைதியாக இருந்தால் மொத்தமாக அனுப்பு என்று அர்த்தம். மோட்பஸ்ஸில் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடைவெளி 3.5 எழுத்து நேரம், 9600 8-என்-1-இல் 3.65 மில்லி செகண்ட். அதைவிடக் கொஞ்சம் கூட்டி 10 வையுங்கள். 100, 200 என்று வைக்க வேண்டாம், ஒவ்வொரு மீட்டருக்கும் அந்த நேரம் வீணாகும். 19200க்கு மேலே போனால் பாட் ரேட் எதுவானாலும் இடைவெளி 1.75 மில்லி செகண்ட் என்று மோட்பஸ் விதியே சொல்கிறது. அங்கே 5 வைத்தால் போதும்.

டிலிமிட்டர் என்று பக்கத்தில் இன்னொன்று இருக்கும். குறிப்பிட்ட பைட் வந்தால் பாக்கெட்டை மூடு என்பது. மோட்பஸ்ஸுக்கு அதைத் தொடவே கூடாது. எந்த பைட்டும் டேட்டாவாக வரக்கூடிய புரோட்டோகால் இது. ஃப்ளோ கன்ட்ரோலில் பட்டதைத் திரும்பப் படுவோம்.

18.02.2024 | எடைமேடை

டிலிமிட்டருக்கு உரிய இடம் எங்கள் பக்கம். வே-பிரிட்ஜ் இண்டிகேட்டர் கேட்காமலேயே எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியும் ஹெக்ஸ் 02-இல் தொடங்கி, எடை எழுத்தாக வந்து, ஹெக்ஸ் 03 அல்லது கேரேஜ் ரிட்டர்ன் என்ற ஹெக்ஸ் 13-இல் முடியும். அதை டிலிமிட்டராகக் கொடுத்தால் ஒரு எடை, ஒரு பாக்கெட். இல்லாவிட்டால் பாதி எடை ஒரு பாக்கெட்டிலும் மீதி அடுத்ததிலும் வந்து, 12460 கிலோ லாரி 1246 கிலோ என்று பதிவாகும்.

18.02.2024 | கடைசிமுனை

ஒரு திருத்தம். கேரேஜ் ரிட்டர்ன் டெசிமலில் 13, ஹெக்ஸில் 0டி. ஹெக்ஸ் 13 என்பது எக்ஸ்-ஆஃப். இந்த இழையைப் படித்துவிட்டு டிலிமிட்டர் பெட்டியில் 13 என்று தட்டினால் ஒரு பாக்கெட்டும் வராது. பெட்டி கேட்பது ஹெக்ஸா டெசிமலா என்று பக்கத்தில் எழுதியிருக்கும், அதைப் பார்த்துத் தட்டுங்கள்.

18.02.2024 | எடைமேடை

ஆமாம், 0டி. நன்றி.

அப்படியே ஆர்எஸ்-232 கேபிள் பற்றியும். இண்டிகேட்டரில் 9 பின் கனெக்டர், பெட்டியிலும் 9 பின். நேர் கேபிளா கிராஸ் கேபிளா என்று குழம்ப வேண்டாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பின் 5-இலும் சிவப்பை முதலில் பின் 3, பிறகு பின் 2-இலும் வையுங்கள். சும்மா இருக்கும்போது மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் எந்தப் பின்னில் இருக்கிறதோ அதுதான் அனுப்பும் பின். இரண்டு பக்கமும் பின் 3 என்றால் 2-3 மாற்றிக் கட்டிய கிராஸ் கேபிள். ஒன்றில் 3, மற்றதில் 2 என்றால் நேர் கேபிள். பின் 5 இரண்டு பக்கமும் இணைந்தே ஆக வேண்டும். தொடர்ந்து அனுப்பும் இண்டிகேட்டரில் முள் ஆடும், ஒரு கணம் சும்மா விடும்போது தெரியும் மைனஸைப் பாருங்கள்.

24.02.2024 | மில்_பேனல்

பாக்கிங் 10 வைத்த பிறகு சிஆர்சி எர்ரர் போய்விட்டது. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் மீட்டர் மட்டும் ஏசி டிரைவ் (மோட்டரின் வேகத்தை மாற்றும் கருவி) ஓடும்போது விட்டு விட்டு வருகிறது. லைனின் கடைசி அதுதான், பெட்டியில் இருந்து சுமார் 250 மீட்டர். 120 ஓம் டெர்மினேஷன் (லைன் முனையில் எதிரொலியை அடக்கும் ரெசிஸ்டர்) போடச் சொல்கிறார்கள்.

24.02.2024 | சிவப்பு_எல்இடி

இரண்டு முனையிலும் 120 ஓம், பெட்டியில் 1 கிலோ ஓம் புல்-அப், புல்-டவுன் (பயஸ், யாரும் பேசாதபோது லைனை ஒரே நிலையில் பிடிக்கும் ரெசிஸ்டர் ஜோடி) ஜம்பரை ஆன் செய்யுங்கள். போதும்.

25.02.2024 | கடைசிமுனை

போதாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு 120 ஓம் பக்கவாட்டில் சேர்ந்தால் 60 ஓம். 5 வோல்ட், மேலே 1 கிலோ, கீழே 1 கிலோ, நடுவே 60. மொத்தம் 2060 ஓம், கரன்ட் 2.43 மில்லி ஆம்பியர். 60 ஓம் மீது விழுவது 146 மில்லி வோல்ட். 485 ரிசீவருக்குத் தெளிவான நிலை என்று உறுதி சொல்ல 200 மில்லி வோல்ட் வேண்டும். யாரும் பேசாத நேரத்தில் லைன் 146-இல் நின்றால் டிரைவ் இரைச்சல் அதை இப்படியும் அப்படியும் தள்ளி, இல்லாத பைட்டுகளை உருவாக்கும். 680 ஓம் போட்டால் 211 மில்லி வோல்ட், விளிம்பில் தாண்டும். இந்த ரெசிஸ்டர் ஜோடி லைன் முழுவதற்கும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் லைனுக்கு 120 ஓமே அவசியமா என்று முதலில் கேட்க வேண்டும். 250 மீட்டர், 9600. ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோ செகண்ட். சிக்னல் முனைக்குப் போய்த் திரும்ப 3 மைக்ரோ செகண்டுக்குள்தான். எதிரொலி அடங்கிய பிறகுதான் ரிசீவர் பிட்டின் நடுவில் பார்க்கிறது. இந்த வேகத்தில், இந்த நீளத்தில் டெர்மினேஷனை எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் பயஸ் மட்டும் வைத்தால் சும்மா இருக்கும் வோல்ட்டேஜ் பல மடங்கு ஏறும். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். 115200-இல் ஓட்டுகிறவர்கள், அல்லது லைன் 1000 மீட்டரை நெருங்குகிறவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது.

எல்லா சப்ளையையும் ஆஃப் செய்துவிட்டு டி பிளஸ்ஸுக்கும் டி மைனஸ்ஸுக்கும் நடுவே ஓம் அளந்து எழுதுங்கள். 60 பக்கம் வந்தால் இரண்டு டெர்மினேஷன். 120 என்றால் ஒன்று. 40 என்றால் யாரோ மூன்றாவது ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

25.02.2024 | சிவப்பு_எல்இடி

ஆமாம், நான் ஒரு டெர்மினேஷன் மட்டும் உள்ள லைனை மனதில் வைத்துச் சொன்னேன். அதில் 1 கிலோவுக்கு 283 மில்லி வோல்ட் வரும். இரண்டு போட்டால் நீங்கள் சொன்னதுதான்.

மேக்ஸ்485 சிப் வைத்த சின்ன நீல போர்டுகளைச் சென்சாருக்குப் போடுகிறவர்கள் கவனிக்க: அதில் ஒவ்வொன்றிலும் 120 ஓம் ஏற்கெனவே சால்டர் செய்திருக்கும். பத்து போர்டு ஒரே லைனில் என்றால் 12 ஓம். எந்த டிரைவராலும் அதை இழுக்க முடியாது. இரண்டு முனையில் இருப்பதை விட்டு, நடுவில் உள்ள எல்லாவற்றிலும் அந்த ரெசிஸ்டரைக் கழற்ற வேண்டும்.

27.02.2024 | மில்_பேனல்

40 ஓம் காட்டியது. ரிங் ஃபிரேம் பேனலில் நடு மீட்டர் ஒன்றில் டெர்மினேஷன் ஸ்விட்ச் ஆன். அதை ஆஃப் செய்தேன், பெட்டிப் பக்கமும் கடைசி மீட்டர் பக்கமும் எடுத்துவிட்டேன். 1 கிலோ பயஸ் பெட்டியில் மட்டும். சும்மா இருக்கும்போது முன்பு 0.1 வோல்ட், இப்போது 1.9 வோல்ட். ஆனால் டிரைவ் ஃபுல் ஸ்பீடில் ஓடும்போது இன்னும் ஓரிரு தடவை விடுகிறது.

27.02.2024 | கடைசிமுனை

அப்படியானால் மூன்றாவது கம்பி. இரண்டு கம்பி 485 என்று சொல்கிறோமே தவிர, இரண்டு பக்க கிரவுண்டுக்கும் இடையே உள்ள வோல்ட்டேஜ் வித்தியாசத்தை ரிசீவர் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான் தாங்கும். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் டிரைவ் கசியவிடும் கரன்ட் அந்த எர்த்தை ஆட்டுகிறது. கேபிளில் மிச்சம் இருக்கும் ஒரு கம்பியைப் பெட்டியின் சிக்னல் கிரவுண்டுக்கும் மீட்டரின் சிக்னல் கிரவுண்டு டெர்மினலுக்கும் கட்டுங்கள். மீட்டரில் அந்த டெர்மினல் இல்லை என்றால் ஐசோலேட்டட் ரிப்பீட்டர் (மின் இணைப்பைப் பிரித்து சிக்னலை மட்டும் கடத்துவது) வேண்டும். ஷீல்டைப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். டிரைவில் இருந்து மோட்டருக்குப் போகும் கேபிளுடன் ஒரே டிரேயில் ஓடினால் ஒரு அடியாவது தள்ளி வையுங்கள், குறுக்கே கடக்க வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

வேறு டிரான்ஸ்பார்மரில் ஓடும் கட்டடம் என்றால் 485 கம்பியை இழுக்கவே வேண்டாம். அங்கேயே இன்னொரு சீரியல் சர்வர் வைத்து நடுவில் ஃபைபர். இடியிலும் தப்பும்.

05.03.2024 | மில்_பேனல்

மூன்றாவது கம்பி கட்டி டிரேயையும் பிரித்தோம். ஒரு வாரமாக விடுபடல் இல்லை.

ஆபீஸில் இன்னொரு கம்ப்யூட்டரும் இதே மீட்டர்களைப் படிக்க வேண்டும் என்கிறார்கள். கனெக்ட் செய்தால் ரெஃப்யூஸ் ஆகிறது. மேக்ஸிமம் கனெக்ஷன் 1 என்று இருக்கிறது. 2 ஆக்கினால் போதுமா?

05.03.2024 | கடைசிமுனை

கனெக்ட் ஆகும், ரீடிங் குழம்பும். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு கேள்வியும் ஒரே கம்பியில் ஒட்டிக்கொண்டு போகும், வரும் பதில் இரண்டு பேருக்கும் போகும். உங்களிடம் இருப்பது பைட்டை மட்டும் கடத்தும் பெட்டி. அதற்கு மோட்பஸ் தெரியாது.

வேண்டியது மோட்பஸ் கேட்வே. மோக்சாவில் எம்கேட் எம்பி3180 போன்றவை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேலை வேறு. கேட்வே ஈதர்நெட் பக்கம் மோட்பஸ் டிசிபி பேசும், போர்ட் 502. ஃபிரேமின் முன்னால் 7 பைட் தலைப்பு வரும், சிஆர்சி இருக்காது. இரண்டு கம்ப்யூட்டர் கேட்டாலும் கேள்விகளை வரிசையில் நிறுத்தி, ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததைக் கம்பியில் விடும். சாஃப்ட்வேரில் ஆர்டியூ ஓவர் டிசிபி என்று இருப்பதை மோட்பஸ் டிசிபி என்று மாற்ற வேண்டும். அதை மறந்துவிட்டு 'கேட்வே பதில் தரவில்லை' என்று தேடுகிறவர்கள் நிறைய.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆர்டியூ பதிலில் எந்தக் கேள்விக்கான பதில் என்ற அடையாளம் இல்லை. அட்ரஸ், ஃபங்ஷன், பைட் எண்ணிக்கை, டேட்டா, அவ்வளவுதான். மீட்டர் 5-இடம் வோல்ட்டேஜ் கேட்டீர்கள், டைம்-அவுட் ஆனது, அடுத்து அதே மீட்டரிடம் கரன்ட் கேட்டீர்கள். தாமதமாக வந்த வோல்ட்டேஜ் பதில் கரன்ட் கட்டத்தில் போய் உட்காரும். சிஆர்சி சரி, அட்ரஸ் சரி, நீளம் சரி, மதிப்பு தப்பு. எந்த எர்ரரும் வராது. மோட்பஸ் டிசிபியின் தலைப்பில் டிரான்சாக்ஷன் எண் இருப்பதால் பழைய பதிலைத் தூக்கிப் போட முடியும். ஆர்டியூவிலேயே தொடர வேண்டும் என்றால் டைம்-அவுட்டைத் தாராளமாக வையுங்கள், ஆபீஸ் நெட்வொர்க்கில் 1 செகண்ட், 4ஜி வழியாக என்றால் 3 செகண்டுக்குக் குறையாமல்.

06.03.2024 | சிவப்பு_எல்இடி

டைம்-அவுட் 1 செகண்ட் என்றால் 22 மீட்டருக்கு மெதுவாகிவிடாதா? பாட் ரேட்டை 19200 ஆக்கலாமே.

06.03.2024 | கடைசிமுனை

பதில் சொல்லும் மீட்டருக்கு டைம்-அவுட் எவ்வளவு என்பதே பொருட்டில்லை. கேள்வி 8 பைட், பதில் 9 பைட், 17 பைட்டுக்கு 9600-இல் 18 மில்லி செகண்ட். மீட்டர் யோசிக்க 50 என்று வையுங்கள், இடைவெளிகள் 7. ஆக 75. 22 மீட்டருக்கு 1.7 செகண்ட். 19200 ஆக்கினால் ஒரு மீட்டருக்கு சுமார் 9 மில்லி செகண்ட் மிச்சம், மொத்தம் 0.2 செகண்ட். அதற்காக 22 பேனலைத் திறந்து மீட்டர் செட்டிங்கை மாற்றுவது வீண் வேலை.

செத்த மீட்டர் ஒன்று இருந்தால் 1 செகண்ட், மறுபடி இரண்டு முயற்சி, ஆக 3 செகண்ட். உயிரோடு இருக்கும் எல்லா மீட்டரும் சேர்ந்து எடுப்பதைவிட அதிகம். பராமரிப்புக்குக் கழற்றிய மீட்டரை லிஸ்ட்டில் இருந்தும் எடுங்கள். வேகம் வேண்டும் என்றால் வோல்ட்டேஜ், கரன்ட், பவர் என்று தனித்தனியாகக் கேட்காமல் அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களை ஒரே கேள்வியில் கேளுங்கள். ஃபங்ஷன் 03-இல் ஒரு கேள்விக்கு 125 ரெஜிஸ்டர் வரை கேட்கலாம்.

14.03.2024 | எடைமேடை

எங்களுக்கு வரும் இன்னொரு தொல்லை: கரன்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தால், திரும்ப வந்ததும் பெட்டி கனெக்ஷனை ஏற்பதில்லை. சில நிமிடம் கழித்துத்தான் ஏற்கிறது. பெட்டி யூபிஎஸ்ஸில் இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை.

14.03.2024 | கடைசிமுனை

கம்ப்யூட்டர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. பழைய கனெக்ஷன் இன்னும் இருக்கிறது என்றே பெட்டி நினைக்கிறது, ஒன்றுக்கு மேல் ஏற்காது. டிசிபி அலைவ் செக் டைம் என்று ஒரு செட்டிங் இருக்கும், மோக்சாவில் அது 7 நிமிடமாக வரும். 1 நிமிடம் ஆக்குங்கள். பக்கத்திலேயே இன்-ஆக்டிவிட்டி டைம் இருக்கும், அது வேறு. டேட்டா போகாவிட்டால் உயிரோடு இருக்கும் கனெக்ஷனையே அறுத்துவிடும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை படிக்கிறவர்கள் அதை 0 ஆகவே விடுங்கள்.

15.03.2024 | சிவப்பு_எல்இடி

மில் முதலாளிகள் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு கேட்பார்கள். அதைச் செய்யலாமா?

15.03.2024 | கடைசிமுனை

கூடவே கூடாது. இந்தப் பெட்டிகளின் வாசல் எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. மோக்சா டிசிபி சர்வர் 4001, ரியல் காம் 950-உம் 966-உம். லான்ட்ரானிக்ஸ் டேட்டா 10001, செட்டப் 9999. டிஜி ரியல்போர்ட் 771. இந்த எண்களில் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு. 2013-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹெச்.டி.மூர் இணையத்தைத் துழாவி, 1,14,000க்கும் மேற்பட்ட சீரியல் சர்வர்கள் வெளியே தெரிவதாகச் சொன்னார். மோட்பஸ்ஸில் பாஸ்வேர்டு என்பதே இல்லை. கனெக்ட் ஆனவர் படிக்கலாம், எழுதவும் செய்யலாம்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களைத் தாக்கியவர்கள் பிரேக்கர்களைத் திறந்துவிட்டதோடு நிற்கவில்லை. சப்-ஸ்டேஷன்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் பெட்டிகளின் ஃபர்ம்வேரையும் கெடுத்துவிட்டார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. பெட்டி செத்ததால் கன்ட்ரோல் ரூமில் இருந்து பிரேக்கரை மூட முடியாமல், ஆட்கள் நேரில் போய் மூட வேண்டியிருந்தது. நம்மூர் மில்லில் அந்தப் பெட்டி மீட்டரைத்தான் படிக்கிறது என்றாலும், அதே லைனில் யாராவது நாளைக்கு ஒரு டிரைவைக் கட்டுவார்கள்.

வீட்டில் இருந்து பார்க்க விபிஎன். பெட்டிகளைத் தனி விலானில் (ஆபீஸ் நெட்வொர்க்கில் இருந்து பிரித்த நெட்வொர்க்) வையுங்கள். பெட்டியிலேயே எந்த ஐபி கனெக்ட் ஆகலாம் என்ற லிஸ்ட் இருக்கும், அதில் சர்வர் கம்ப்யூட்டர் மட்டும். டெல்நெட்டை அணையுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், சில பழைய பெட்டிகளில் பாஸ்வேர்டே வைக்காமல் வரும்.

22.03.2024 | மில்_பேனல்

கேட்வே வந்து மாட்டியாச்சு, இரண்டு கம்ப்யூட்டரும் படிக்கிறது. பழைய பெட்டியை ஸ்பேராக வைத்துக்கொள்ளலாமா?

22.03.2024 | கடைசிமுனை

மீட்டர் லைனுக்கு ஸ்பேர் என்றால் இன்னொரு கேட்வேதான். பழைய பெட்டியை எடைமேடைக்கோ பிரிண்டருக்கோ கொடுங்கள், கொடுக்கும்போது ஃபேக்டரி ரீசெட் செய்து கொடுங்கள். யாராவது மறுபடி மீட்டருக்கு எடுத்து வந்தால் இதே கதை நடக்கும்.

இப்போது ஓடும் கேட்வேயின் கான்ஃபிகரேஷனை ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ஸ்பேரில் அதை இம்போர்ட் செய்து, ஃபர்ம்வேர் இரண்டிலும் ஒன்றா என்று பார்த்து, அணைத்து வைத்துவிடுங்கள். பேனல் கதவின் உள்பக்கம் ஐபி, சப்நெட், பாட் ரேட், பேரிட்டி, ஃப்ளோ கன்ட்ரோல் நன், பயஸ் எந்த இடத்தில், டெர்மினேஷன் எங்கே ஆஃப் என்று எழுதி ஒட்டுங்கள்.

ஸ்பேரை மாற்றும் நாளில் ஐபி அதேதான், ஆனால் மேக் அட்ரஸ் வேறு. கம்ப்யூட்டர் பழைய மேக்கையே கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும், பிங் போகாது. ஏஆர்பி கேஷை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் குறிப்பு) அழித்தால் உடனே வரும். ஸ்விட்சில் போர்ட் செக்யூரிட்டி போட்டிருந்தால் அங்கேயும் புது மேக்கைச் சேர்க்க வேண்டும்.

23.03.2024 | சிவப்பு_எல்இடி

சீரியல் பக்கமும் ஆர்ஜே-45 சாக்கெட் உள்ள பெட்டி என்றால் இரண்டு சாக்கெட்டிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் சீரியல் சாக்கெட்டில் நெட்வொர்க் கேபிள் போய்விடும். முறையான பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும்) ஸ்விட்ச் 25 கிலோ ஓம் அடையாளம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மின்சாரம் விடும். 24 வோல்ட் பாஸிவ் இன்ஜெக்டர் எதையும் கேட்காமல் விட்டுவிடும், சீரியல் சிப் அங்கேயே போய்விடும்.